பயணி எண் ஒன்று

என் எடை நாற்பத்தாறு கிலோ. அது ஒரு குற்றம் என்று முப்பத்தொன்பது வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் 'சிறகு' பயண உதவி மையத்தார். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு வண்டியில் ஏற்றி, போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டில் விடுவதற்காகவே நடக்கும் மையம் அது. அதன் முன்சுவரில், 'நீங்கள் கிளம்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். நான் கிளம்பினேன். மற்றதை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவள். பதினேழு வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு நசுங்கியதில், இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. அன்றுமுதல் இருபத்திரண்டு வருடமாக என்னைத் தூக்கியவள் அக்கா. ஒரு கை முழங்காலுக்கு அடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால். "மூச்சைப் பிடிச்சுக்கோடி" என்பாள், அடுத்த நொடி நான் ஆட்டோவுக்குள் இருப்பேன். அக்காவுக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஒருத்தியைத் தூக்கவே இடுப்பு ஒடியுது, இன்னொருத்தர் வேறயா" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. எதிர்வீட்டு பிளம்பர் அண்ணனும் அவர் மனைவியும் ஓடிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு. பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு.

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர் தூரம்தான். நடுவில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. என் பேட்டரி நாற்காலி அந்த ஏற்றத்தில் பாதி ஏறி, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து பிடித்ததால் இதை எழுதுகிறேன். ஆட்டோவில் போகலாம் என்றால் தூக்கிவைக்க ஆள் வேண்டும். தூக்கிவைக்கும் ஆள்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பிளம்பர் அண்ணன் ஒருமுறை முயன்று பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டேன். நோயாளியைத்தான் ஏற்றுவார்களாம். எனக்கு அந்தத் தகுதியும் இல்லை.

ஐந்தாவது நாள் வார்டு நர்ஸ் போன் செய்தார். "நாலு மணி ஆனா உங்க அக்கா கதவையே பார்த்துட்டு இருக்காங்க. யாராவது உள்ள வந்தா தலையைத் தூக்குறாங்க. நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் வெச்சுடறாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்."

அன்றே மையத்துக்குப் போனேன். அது எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, என் நாற்காலியிலேயே போய்விடலாம். வாசலில் சாய்தளம் இருந்தது. கதவு அகலமாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மன்னிப்பும் கேட்டார்கள். அங்கேதான் நான் ஏமாந்தேன். முற்றத்தில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. பின்கதவைத் திறந்தால் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைக்கும் லிஃப்ட். உள்ளே ஒரே ஒரு நாற்காலிக்கு இடம், அதைச் சுற்றி நாலு பெல்ட்.

பதிவு மேசைக்காரர் என்னை நாற்காலியோடு எடை மேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தார். கழித்தலில் தவறு இல்லை, நானும் சரிபார்த்தேன். நாற்பத்தாறு என்று எழுதியதும் அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் பாதுகாப்பு அலுவலரை அழைத்துவந்தார். அந்த அம்மாள் நிதானமான குரலில் பேசினார்.

"எங்களுக்கு உங்க உயிர்தான் முக்கியம் மேடம். அதனாலதான் உங்களை ஏத்த முடியாது."

"ஏன்?"

"எங்க லிஃப்ட் எழுபத்தஞ்சு கிலோவுல பாதுகாப்பா இயங்கும்னு சான்றிதழ் வாங்கியிருக்கோம். நாப்பத்தாறு கிலோவுல பாதுகாப்பா இயங்கும்னு அதுல எங்கேயும் எழுதல."

"எழுபத்தஞ்சைத் தூக்குற லிஃப்ட் நாப்பத்தாறைத் தூக்காதா?"

"தூக்காதுன்னு நான் சொல்லலையே. தூக்கும்னு எழுதி இல்லன்னு சொல்றேன்."

"மேடம், எழுபத்தஞ்சைவிட நாப்பத்தாறு சின்னது."

"அது உங்க துறை" என்றார் மிகுந்த மரியாதையோடு.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மரமண்டைக்கும் எது பெரிது எது சின்னது என்று ஒரு வாரத்தில் புரியவைத்திருக்கிறேன். அந்த அம்மாளிடம் ஒரு மணி நேரம் போராடித் தோற்றேன். கடைசியில், எழுபத்தைந்து கிலோ இருப்பவர் யாராவது இதுவரை இந்த வண்டியில் போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஒருத்தர் இருக்கார். தினமும் போறார். இப்பகூட மூணரைக்குக் கிளம்புவார், பாருங்க" என்றார்.

பார்த்தேன். சரியாக மூன்றரை மணிக்கு வேன் டிரைவர் கொட்டகையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒரு மண் மூட்டை உட்கார்ந்திருந்தது. நீலத் தார்ப்பாயில் தைத்த மூட்டை. வயிற்றில் வெள்ளை பெயிண்டால் 75 என்று எழுதியிருந்தது. டிரைவர் அதை லிஃப்டில் ஏற்றி, நாலு பெல்ட்டையும் மாட்டி, இழுத்துப் பார்த்தார். பாதுகாப்பு அலுவலர் எட்டிப் பார்த்து, "வெயில் அடிக்குது பாருங்க, அந்தப் பக்கத்துத் திரையை இழுத்துவிடுங்க" என்றார். திரை இழுக்கப்பட்டது. வேன் கிளம்பிப் போயிற்று.

நான் பதிவு மேசைக்காரரைப் பார்த்தேன். அவர் வெட்கப்படாமல் விளக்கினார். லிஃப்டைத் தினமும் எடை ஏற்றி ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பயணி பெயர் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி, மூட்டைக்கு ஒரு பயணி அட்டை போடுவது. முதலில் பதிவு செய்ததால் அது பயணி எண் ஒன்று.

"பொய் எழுதலைங்க டீச்சர்" என்று அட்டையைக் காட்டினார். "பாருங்க. நடக்க முடியுமா, முடியாது. பேச முடியுமா, முடியாது. கூட வர ஆள் உண்டா, இல்லை. ஒவ்வொரு கட்டத்துலயும் உண்மைதான் எழுதியிருக்கேன்."

"எங்க போகுது?"

"பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அங்க இருபது நிமிஷம் நிக்கும். அப்புறம் திரும்பிடும்."

"எதுக்கு நிக்கணும்?"

"பயணி காத்திருப்பு நேரம்."

மேலே மூன்றாவது மாடியில் அக்கா கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே வாசலில், நான் உட்கார வேண்டிய இடத்தில், மண் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது. தினமும்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். என் தொல்லை தாங்காமல் பாதுகாப்பு அலுவலர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் எழுபத்தைந்து கிலோ ஆகிவிட வேண்டியது. எழுபத்தைந்தில் நாற்பத்தாறு போனால் இருபத்தொன்பது. இந்தக் கழித்தல் மட்டும் அவருக்கு உடனே வந்துவிட்டது. இருபத்தொன்பது கிலோ மணலைச் சின்னச் சின்னப் பைகளில் தைத்து, என் மடியிலும் காலடியிலும் அடுக்கி, என்னை எழுபத்தைந்து கிலோ பயணியாக ஏற்றுவது என்று முடிவாயிற்று. மடியில் எடை வைக்கக்கூடாது, உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் தெரியாது என்று என் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன். "அப்ப உங்க பாதுகாப்புக்காக டாக்டர் கடிதத்தையும் ஃபைல்ல வெச்சுக்கறோம்" என்றார். அக்காவின் முகத்தை நினைத்துச் சரி என்றேன்.

பயண நாளன்று மதியம் இரண்டு மணிக்கே வரச்சொன்னார்கள். எடை மேடையில் ஏற்றினார்கள். நாற்பத்தைந்து கிலோ நானூறு கிராம். கவலையில் சரியாகச் சாப்பிடாததன் பலன். அறுநூறு கிராம் குறைகிறது.

"இன்னும் கொஞ்சம் மண்ணு போடுங்களேன்" என்றேன்.

"உங்களுக்கு அனுமதிச்சது இருபத்தொன்பது. அதுக்கு மேல போட்டா நீங்க வேற ஆளாயிடுவீங்க" என்றார் அலுவலர். "தண்ணி குடிங்க."

குடித்தேன். பதிவு மேசைக்காரர் அளந்து அளந்து ஊற்றினார். நாற்காலி போக எடை எழுபத்தைந்தைத் தொட்டதும் அங்கிருந்தவர்கள் முகத்தில் ஒரு நிறைவு. பிறகு பெல்ட் சோதனை, பிரேக் சோதனை, கையெழுத்து, அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்பதற்கு இன்னொரு கையெழுத்து. மடியில் இருபது கிலோ மணலோடு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சிறுநீர் ஒரு குழாய் வழியாகப் பையில் போய்ச் சேரும். பை காலோடு கட்டியிருக்கும். நிரம்பினால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே திரும்பி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். மூன்று இருபதுக்குப் பை நிரம்பிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். கழிப்பறை பத்தடியில் இருந்தது. அகலமான கதவு, கைப்பிடி எல்லாம் சரியாக இருந்தது.

பாதுகாப்பு அலுவலர் யோசித்தார். "காலி பண்றது உங்க உரிமை மேடம். யாரும் தடுக்க முடியாது. ஆனா அது இப்ப உங்க எடையில சேர்ந்துடுச்சு. காலி பண்ணிட்டா மறுபடியும் எடை பார்க்கணும்."

காலி செய்தேன். எழுநூறு கிராம் குறைந்தது. மணி மூன்று இருபத்தெட்டு. டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் என் மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மூட்டை தயாராக இருந்தது. அது எப்போதும் தயாராகத்தான் இருக்கும். மூன்றரைக்கு அக்காவைப் பார்க்க அது கிளம்பிப் போயிற்று.

அன்று சாயங்காலம் எனக்கு உடை மாற்றிவிட்ட பிளம்பர் அண்ணனின் மனைவி, "ஐயோ, இது என்ன டீச்சர்" என்றார். இரண்டு தொடையின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, ஓரிடத்தில் தோல் கிழிந்திருந்தது. பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பிள்ளைகளுக்குப் படுத்தபடியே பின்னம் சொல்லிக்கொடுத்தேன். ஏழாவது நாள் நர்ஸ் போன் செய்தார்.

"இப்ப கதவைப் பார்க்கிறதையும் விட்டுட்டாங்க" என்றார்.

புண் ஆறியதும், மையத்தில் பயணிகள் குறைகேட்புக் கூட்டம் என்று சீட்டு வந்தது. அதில் பேசிவிடலாம் என்று போனேன். என்னைப் போல ஏழெட்டுப் பேர், அவரவர் பாட்டைப் பட்டு வந்திருந்தார்கள். மேடையில் இயக்குநர். நல்ல வெள்ளைச் சட்டை. பேசும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துப் பேசுபவர். அதை எங்கோ போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் புள்ளிவிவரத்தை நம்புறவன்" என்று ஆரம்பித்தார். "போன வருஷம் நம்ம வண்டி போக வர அறுநூத்திப் பன்னிரண்டு தடவை ஓடியிருக்கு. ஒரு தடவைகூடத் தாமதம் இல்ல. ஒரு விபத்து இல்ல. ஒரு புகார் இல்ல. இதை நான் வெளியில சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நாங்கள் நம்பினோம்.

"சில பேர் நினைக்கறாங்க, உதவின்னா கேட்டவுடனே கொடுக்கறதுன்னு. அது உதவி இல்ல, அவசரம். பயணத்துல முக்கியம் போய்ச் சேர்றது இல்ல. முறையாப் போறது. இன்னிக்கு நான் ஃபைல் எல்லாம் பார்த்தேன். ஒரு பயணி என் மனசைத் தொட்டுட்டார். பயணி எண் ஒன்று."

பதிவு மேசைக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறார். எதுக்குன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. அவர் வந்திருக்காரா? மேடைக்கு வரச்சொல்லுங்க."

பாதுகாப்பு அலுவலர் மெதுவாக, "அவரால நடக்க முடியாது சார்" என்றார்.

"அதனால என்ன, இங்கிருந்தே ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"பேசவும் முடியாது சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது, நான் முதல் வரிசையில் இருந்ததால் பார்த்தேன். "பார்த்தீங்களா" என்றார். "நடக்க முடியல, பேச முடியல, துணைக்கு ஆளில்ல. அவர் குறை சொல்லல. பேச முடிஞ்சவங்கதான் குறை சொல்றாங்க. அவரைப் பார்த்து நாம எல்லாரும் கத்துக்கணும். இந்த மையம் இருக்கற வரைக்கும் மூணரை மணி வண்டி அவருக்குத்தான். வேற யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. இது என் உத்தரவு."

எல்லோரும் கைதட்டினார்கள். கையைத் தட்ட முடியாத ஒருவர் தலையை ஆட்டினார். நான் கையைத் தூக்கி, "சார், அது மண்ணு மூட்டை" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பிறகு எனக்காக இரங்கியது. "நமக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் இப்படிப் பேசலாமா?" என்றார். "உடம்பு அசையலன்னா மனுஷன் மூட்டையா? நீங்க டீச்சர்னு சொன்னாங்க."

பின்னாலிருந்து யாரோ 'உச்' கொட்டினார்கள். பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தேன், அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் தெரிந்தது, என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். 'சக பயணியை இழிவாகப் பேசினார்.'

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் மதியம் நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டார். "இன்னிக்கு எப்படியாவது வந்துடுங்க. டாக்டர் முகமே சரியில்ல."

நேராக மையத்தின் கொட்டகைக்குப் போனேன். டிரைவர் மட்டும் இருந்தார். மூட்டைக்கு பெல்ட் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். கெஞ்சவில்லை, கெஞ்சுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் கையிலிருந்த பெல்ட்டை விட்டார். "தினம் இதுக்கு பெல்ட் போட்டு, திரை இழுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல இருபது நிமிஷம் நிக்கறேன் டீச்சர். அங்க ஆட்டோவுல இருந்து ஆளுங்களைக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போறாங்க. பார்த்துட்டு வீட்டுக்குப் போனா சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். பிறகு மூட்டையை நாற்காலியோடு சுவரோரம் தள்ளிவிட்டு என்னை லிஃப்டில் ஏற்றினார். நாற்பத்தாறு கிலோவை அது முனகாமல் தூக்கியது.

வாசலில் பதிவு மேசைக்காரர் அட்டவணையோடு நின்றார். வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது.

"பயணி எண் ஒன்றுதானே?" என்று டிரைவரைக் கேட்டார்.

"ஆமா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க" என்றார் பதிவு மேசைக்காரர் தணிந்த குரலில். "அவர் பேசமாட்டார்."

பேசவில்லை. அவர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார், கதவு திறந்தது. அந்த மனிதரிடமும் எங்கேயோ கொஞ்சம் மனிதன் மிச்சமிருந்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் எதிர்பார்த்தது என் தவறு.

நாலு பத்துக்கு அக்காவின் கட்டிலருகே இருந்தேன். அரைக் கண் மூடியிருந்தாள். தலைமுடியை யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள். "அக்கா" என்றேன். கண் திறந்தது. என்னைப் பார்த்தாள், என் பின்னால் யார் என்று பார்த்தாள். என்னை யார் தூக்கிவந்தது என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. "நானே வந்துட்டேன், வண்டியில" என்றேன். அவளுடைய இடது கை மெல்ல நகர்ந்து, தேடி, என் முழங்காலுக்கு அடியில் போயிற்று. அங்கேயே இருந்தது. எனக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இருபது நிமிடம் முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். டிரைவர் ஆறு மணிவரை நின்றார். வேனுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுக்கவில்லையாம். என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காலி வேனோடு மையத்துக்குப் போனார்.

காலி வேன் அந்த மையத்தின் சரித்திரத்தில் முதல் முறை. பயணி எண் ஒன்று போனதற்குப் பதிவு இருக்கிறது, வந்ததற்குப் பதிவு இல்லை. இன்னொருத்தியைத்தான் வெளியே அனுப்பினேன் என்று எழுதினால் பதிவு மேசைக்காரர் வேலை போய்விடும். போனது மூட்டைதான் என்றால் அறுநூற்றுப் பன்னிரண்டு பயணமும் போய்விடும், கூடவே இயக்குநரின் கண்ணீரும். அவர் வழக்கம்போல உண்மையையே எழுதினார். 'பயணி எண் ஒன்று ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப்பட்டார். மையத்துக்குத் திரும்பவில்லை.' திரும்பி வராதவர் கொட்டகையில் இருக்கக்கூடாதே, மூட்டையைப் பாதுகாப்பு அலுவலரே நின்று பிரிக்கச்சொன்னார். மண் பூந்தொட்டிகளுக்குப் போயிற்று. பயணியை விட்டுவிட்டு வந்த குற்றத்துக்காக டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வேன் சாவி பீரோவுக்குள் போயிற்று. இதையெல்லாம் டிரைவர்தான் வந்து சொன்னார். சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலாவது நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா போய்விட்டாள்.

பிளம்பர் அண்ணனும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கையெழுத்து, சான்றிதழ், வரிசை என்று மதியம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட வேண்டும், நாலு மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் போனில், "நீங்க எப்படியாவது வந்து ஒரு தடவை முகத்தைப் பார்த்துடுங்க டீச்சர், நான் இங்க சமாளிக்கறேன்" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். பரிதாபப்பட்டார்கள். ஒருவர் தூக்கவும் பார்த்தார். பாதியில் நான் நழுவி, அவர் பயந்துபோய்த் திரும்ப நாற்காலியிலேயே வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மையத்துக்குப் போனேன். காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பேன், யாராவது தூக்கிவிடுவதாக இருந்தால்.

மணி மூன்றரை. வாசல் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கதவுக்கு உள்ளே பதிவு மேசைக்காரர் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு நின்றார். எதிரே கூடத்தில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் இயக்குநர் குரல் கேட்டது.

"வண்டி வேணும்" என்றேன்.

"இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டோம் டீச்சர். துக்கம்."

"எங்க வீட்லயும் துக்கம்தான். அக்கா போயிட்டா. அதுக்குத்தான் கேட்கறேன்."

அவர் முகம் ஒரு கணம் நிஜமாகவே கலங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "பயணி எண் ஒன்றுக்கு இரங்கல் கூட்டம்" என்றார். "திரும்பி வராததால அவர் தவறிட்டார்னு டைரக்டர் முடிவு பண்ணிட்டார். ஒரு நாள் சேவை நிறுத்தம். பீரோ சாவி அவர்கிட்ட இருக்கு. கூட்டம் அஞ்சு மணிக்கு முடியும். நான் இப்ப உள்ள போய் என்னன்னு சொல்றது?"

"என்னன்னு சொல்றதா? உங்களுக்குச் செத்தது மண்ணு, எனக்குச் செத்தது மனுஷின்னு சொல்லுங்க."

உள்ளே இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "அவருக்குச் சொந்தம்னு யாரும் வரல. வரவேண்டியது இல்ல. நாமதான் அவருக்குச் சொந்தம். கடைசிப் பயணத்துல அவரோட இருக்கற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இப்ப எல்லாரும் எழுந்து, முடியாதவங்க உட்கார்ந்தே, ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம்."

நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டு அடங்கியது. என் மடியில் போன் அடித்தது. பிளம்பர் அண்ணன். பின்னால் யாரோ அவரை அவசரப்படுத்துவது கேட்டது.

"டீச்சர், வண்டியில ஏத்தணும்ங்கறாங்க. கிளம்பிட்டீங்களா? எங்க இருக்கீங்க? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லுங்க, நான் கால்ல விழுந்தாவது நிறுத்தி வெக்கறேன்."

பூட்டைப் பார்த்தேன். பதிவு மேசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், மௌனத்துக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

"வேணாம்ணே" என்றேன். "எடுத்துடுங்க."

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். நான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "எடுத்துடுங்கண்ணே. நான் வரல. அக்காவை எடுத்துடுங்க."

கூடத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்த பாதுகாப்பு அலுவலர் திரும்பினார். கதவுக்கு வெளியே என்னைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.